அண்ணியின் காதுகள்

ஜனவரி 9

அன்புள்ள தவளைக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சலும் வரும். என் ஸ்நார்க்கெல் குழாய், முகக்கண்ணாடி, காலில் மாட்டும் துடுப்புகள், பாறை ஏறும் பெல்ட் எல்லாம் அதில் இருக்கின்றன. மாற்றலாகி வந்திருக்கும் இந்த ஊரில் கடல் கிடையாது. பாறை என்று பார்த்தால் வீட்டெதிரே கொட்டி வைத்திருக்கும் ஜல்லிதான். எனக்கு இனி எதற்கு? நீயே வைத்துக்கொள்.

கணுக்கால் எப்படி இருக்கிறது? உள்ளே வைத்த பிளேட்டை எடுத்தாயிற்றா? உன் அண்ணனைக் கேட்டால் "நல்லா இருக்கா" என்பதோடு சரி. நான் போன் செய்தால் அத்தை எடுத்து, "அவ தூங்குறா" என்கிறார். பகல் பதினோரு மணிக்கு! அவரைக் குறை சொல்லவில்லை. பெற்ற மகள் பாறையிலிருந்து விழுந்தபோது கயிறு என் கையில்தானே இருந்தது.

இப்போது தண்ணீர் தெளிவாக இருக்குமே. போனாயா?

உன் அண்ணி


ஜனவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

பார்சல் வந்தது. பிரிக்க மனமில்லை, அலமாரி மேல் வைத்திருக்கிறேன். பிளேட் எடுத்து ஒரு மாதம் ஆகிறது. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றால் மாலையில் கொஞ்சம் வீங்கும், அவ்வளவுதான்.

ஞாயிறு காலை நீச்சல் குழுவோடு வீட்டுக்குப் பின்னால் நம் குடாவுக்குப் போனேன். தண்ணீரில் முகத்தை வைத்ததும் கிளிமீன்கள் பவளத்தைக் கறக் கறக்கென்று கடிக்கும் சத்தம். பாறை இடுக்கில் ஓர் ஆக்டோபஸ். என்னைக் கண்டதும் ஒரு சிப்பி ஓட்டை இழுத்து, கதவைச் சாத்துவதுபோல் வாசலை மூடிக்கொண்டது. உங்களிடம் காட்டத் திரும்பினேன். பக்கத்தில் யாரோ ஒரு வங்கிக்காரர், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு மிதந்தார்.

பாறைப் பக்கம் போகவில்லை. அம்மா சொல்வதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் தவளை


பிப்ரவரி 2

அன்புள்ள தவளைக்கு,

ஆக்டோபஸ் கதையை உன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். "இவளுங்களுக்கு வேற வேலையே இல்ல" என்றார். ஆனால் இரண்டாம் முறை தானே எடுத்துப் படித்தார்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். பிரசவ வார்டிலிருந்து நானே எழுதிக் கேட்டு ரெக்கார்டு ரூமுக்கு மாறிவிட்டேன். இங்கே கோப்புகள்தான். அவை கூப்பிடாது.

நீ விழுந்த அன்று "பிடி" என்று கத்தியும் எனக்குக் கேட்கவில்லை. நீ கேட்டபடி கயிற்றைத் தளர்த்தியிருந்தேன். "பிடி" என்றதும் இழுத்து இறுக்க வேண்டியது என் வேலை. கடலில் ஓர் ஆமை தலை தூக்கியது, ஒரு நொடி அந்தப் பக்கம் பார்த்துவிட்டேன். இதுவரை இரண்டு காது டாக்டர்களிடம் போய்விட்டேன். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். எல்லாம் கேட்டது. "காதுக்கு ஒண்ணுமில்லம்மா, எதுக்கு இப்படி அலையுறீங்க?" என்றார் இரண்டாமவர். கோளாறு என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். காது நன்றாக இருந்தும் கேட்கவில்லையென்றால் என்னை நம்பி ஒரு பெண் எப்படிப் பிரசவக் கட்டிலில் படுப்பாள்?

வருத்தப்படாதே. சும்மா சொன்னேன்.

உன் அண்ணி


பிப்ரவரி 7

அன்புள்ள அண்ணிக்கு,

உட்கார்ந்து படியுங்கள். நான் "பிடி" என்று சொல்லவே இல்லை.

கத்தவுமில்லை, முனகவுமில்லை. எட்டாத ஒரு பிடிமானத்துக்காகக் கயிற்றைத் தளர்த்தச் சொன்னேன். தொட்டுவிட்டேன். பிடி நிற்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் கையை விட்டேன். எப்போதும் நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் கயிற்றை இறுக்கிவிடுவீர்கள். அந்தச் செல்லத்தில் சொல்லவே மறந்துபோனேன். தளர்ந்த கயிறு இறுகுவதற்குள் கால் கீழ்த் திட்டில் மோதிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அம்மா, "கயித்தப் பிடிச்சவ என்ன பண்ணிட்டிருந்தா?" என்று கேட்டாள். என் தப்பு என்று தெரிந்தால் பாறையோடு கடலையும் நிறுத்திவிடுவாள் என்று பயம். "கத்தினேம்மா, அண்ணிக்குக் கேக்கல" என்று வாயில் வந்துவிட்டது. மறுநாள் நீங்கள் என் கட்டிலில் உட்கார்ந்து, "எனக்குக் கேக்கலடி" என்று அழுதீர்கள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு நாளாகத் தள்ளத் தள்ள அது பெரிதாகிக்கொண்டே போனது. இப்போது எட்டு மாதம்.

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. "அவ போன் பண்றப்பல்லாம் நீ தூங்குறேன்னு சொன்னேனேடி" என்றாள்.

எனக்குப் பதில் போட வேண்டாம். வார்டுக்கு மட்டும் திரும்பிப் போங்கள்.

தவளை


பிப்ரவரி 18

தவளைக்கு,

"அன்புள்ள" என்று எழுத இன்று கை வரவில்லை. சில நாள் பொறு.

உன் கடிதத்தை மூன்று முறை கசக்கிப் போட்டு மூன்று முறை எடுத்தேன். நீ எதிரில் இருந்திருந்தால் ஓங்கி ஒன்று வைத்திருப்பேன். எட்டு மாதமடி. பாத்திரம் கழுவும்போது குழாயை மூடி மூடி, யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். மிக்ஸி ஓடும்போதெல்லாம் உன் அண்ணனை வாசலில் நிற்க வைத்திருக்கிறேன். பாவம், அந்த மனிதர் ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இதைப் படித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் அழுதோம். பிறகு ஏனோ சிரிப்பு வந்தது, அடக்கவே முடியவில்லை.

அத்தை போன் செய்தார். பத்து நிமிடம் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதைப் பற்றியே பேசினார். வைக்கப் போகும்போது, "ஒரு நடை வந்துட்டுப் போம்மா" என்றார். எனக்கு அது போதும்.

திங்கட்கிழமை வார்டில் சேர்ந்தேன். மூன்றாம் கட்டிலில் இருந்த பெண் பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சோடு மூச்சாக "சிஸ்டர்" என்றாள். கூட இருந்த இரண்டு நர்சுகள் திரும்புவதற்குள் நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். பெண் குழந்தை. என்ன ஒரு குரல் அதற்கு!

மாதக் கடைசியில் நான்கு நாள் லீவு போட்டிருக்கிறேன், நாங்கள் இருவரும் வருகிறோம். கடலில் இறங்கலாம். பாறையைப் பற்றி இப்போது எந்த வாக்கும் கொடுக்க மாட்டேன். உன்மேல் கோபம் இன்னும் இருக்கிறது, அதையும் கொண்டுதான் வருவேன்.

வார்டில் சேர்ந்த அன்று வேலை முடிந்து வந்து சாயங்காலம் படுத்தவள் மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் எழுந்தேன். மூச்சு இருக்கிறதா என்று உன் அண்ணன் இரண்டு முறை மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தாராம்.

உன் அண்ணி