நாடாவில் இரண்டு முடிச்சு

27-2-1973, செவ்வாய்

இடது டயரின் உட்பக்கம் மட்டும் வழுக்கையாக இருந்தது. வெளிப்பக்கம் புதிது மாதிரி, கோடுகள் அப்படியே. அதைத்தான் முதலில் பார்த்தேன். யார் வந்தது, என்ன வண்டி என்பதெல்லாம் பிறகுதான்.

எனக்கு அப்படித்தான் தெரியும். துருத்திச் சக்கரம் வீட்டுப் பக்கம், உலை அத்தாவின் கொல்லுப் பட்டறைப் பக்கம். நடுவில் சாக்குப் படுதா. பள்ளிக்கூடத்தை விட்ட இந்த இரண்டு வருஷமாக இந்தப் பக்கம் உட்கார்ந்து துருத்தி சுற்றுகிறேன். படுதாவின் கிழிசல் கீழே இருப்பதால் வருகிறவர்களின் செருப்பும் வண்டிகளின் சக்கரமும்தான் கண்ணில் படும். முகம் தெரியாதது எனக்கு வசதி. வெளி ஆள் பேசினால் என் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். இரும்பு அப்படி இல்லை. இரும்பைப் பார்த்தால் எனக்குப் பயமே கிடையாது.

வந்தவர் சவுரியப்பன், போட்டோ எடுப்பவர். ஏற்காட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பழைய வீட்டு வண்டியை வாங்கி, ஜீப்பின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகத் திருவிழாவுக்குப் போகிறார். தகரக் கூண்டு, இரண்டே சக்கரம். உள்ளே கட்டில், ஸ்டவ், போட்டோ கழுவும் இருட்டறை எல்லாம் உண்டாம். பாப்பாரப்பட்டிச் சந்தையிலிருந்து வரும்போது எங்கள் பட்டறைக்குக் கொஞ்சம் முன்னாலேயே அச்சு முறிந்துவிட்டது. நல்லவேளை, கணவாய் இறங்கும் முன்.

அத்தா உடைந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். முறிவில் பாதி சர்க்கரை மாதிரி வெள்ளை, பாதி துருச் சிவப்பு. அதாவது பாதி முன்னமே விட்டிருந்தது. டயர் ஏன் ஒரு பக்கம் தேய்ந்தது என்று எனக்கு அப்போதே புரிந்தது. அச்சு ரொம்ப நாளாகத் தொய்ந்து ஓடியிருக்கிறது.

"ஒட்டுப் போட்டுக் குடுத்துடுங்க பாய். ஞாயித்துக்கிழமைக்குள்ள மேச்சேரித் திருவிழால எடம் புடிக்கணும்."

"ஒட்டு ஆகாதுங்க. புது அச்சுதான்."

அத்தா சொன்னது சரி. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

28-2-1973

அத்தா விடியற்காலையிலேயே தருமபுரி போய்விட்டார். காயலாங்கடையில் சதுர இரும்பு பார்த்து, லேத்தில் கொடுத்து இரண்டு முனையையும் சக்கரத்துக்குக் கடைந்து கொண்டுவர வேண்டும்.

சவுரியப்பனின் மனைவி சூசையம்மா தண்ணீர் கேட்டு எங்கள் வீட்டுக்குள் வந்தார். அம்மாவோடு ஒரே பேச்சு. நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். "வண்டி ஓடும்போது நான் உள்ளதான் ஒக்காருவேன். கண்ணாடிப் படமெல்லாம் பொட்டில இருக்குது. மடியில வச்சுப் புடிச்சுக்கலைன்னா நொறுங்கிரும்" என்றார். கணவாயில் கூடவா என்று அம்மா கேட்டதற்கு, "கணவாயிலதான் முக்கியமா புடிக்கணும்!" என்று சிரித்தார்.

நல்ல சிரிப்பு. வெளியே வந்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

1-3-1973

சாயங்காலம் அச்சு வந்தது, பஸ் மேலே. நேரான இரும்பு, கண்ணுக்கு அழகு.

2-3-1973, வெள்ளி

காலையில் அத்தா அச்சைப் படுக்கப் போட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "லேத்துக்காரன் நேராவே வுட்டுட்டான் பாரு" என்று காளியப்பன் மாமாவிடம் சொல்லிச் சிரித்தார். மாமா சம்மட்டி அடிப்பவர், நான் பிறக்கும் முன்பிருந்தே பட்டறையில் இருக்கிறார். முனைகளை உலையில் வைத்தார்கள். "காத்து!" என்றார் அத்தா. சுற்றினேன். சிவந்ததும் இரண்டு முனையையும் கொஞ்சம் கீழே சாய்த்து, கொஞ்சம் முன்பக்கம் வளைத்துவிட்டார்கள்.

மாட்டு வண்டி அச்சுக்கு அப்படித்தான் செய்வார்கள். இந்த முப்பது வருஷத்தில் அத்தா அடித்த அச்செல்லாம் அதுதான். பார்க்காமலே கை போகும். கை போய்விட்டது.

ஆனால் கட்டைச் சக்கரம் தட்டு மாதிரி குழிந்திருக்கும், அதற்குச் சாய்வு வேண்டும். இது டயர். இதற்கு எதற்குச் சாய்வு? சுற்றிக்கொண்டே யோசித்தேன். யோசித்துக்கொண்டே சுற்றினேன். அந்த வளைவுக்குக் காற்று கொடுத்தது நான்தான்.

சக்கரம் மாட்டியதும் காளியப்பன் மாமா வழக்கப்படி இரண்டு டயருக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். எந்த வண்டி பட்டறையில் முதலில் உருண்டாலும் வைப்பார். அத்தா அதில் தலையிட மாட்டார். தள்ளினார்கள். பழம் நசுங்கியது. ஆனால் வட்டமாக நசுங்கவில்லை. சட்னியை விரலால் இழுத்த மாதிரி பக்கவாட்டில் இழுபட்டிருந்தது, இரண்டுமே. கிழிசல் வழியாக நன்றாகத் தெரிந்தது. ஆண்களெல்லாம் வண்டியின் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தா ஜும்மாத் தொழுகைக்குப் போனார். மாமா சாப்பிடப் போனார். போட்டோக்காரரும் சூசையம்மாவும் டீக்கடைக்குப் போனார்கள். பாவாடை நாடா ஒன்றை உருவி எடுத்து, முனையில் கம்பிக் கொக்கி கட்டி, வண்டிக்கு அடியில் போனேன். இந்த டயரின் பள்ளத்தில் கொக்கியை மாட்டி அந்த டயர் வரை இழுத்து, முன்பக்கம் ஓர் அளவு, முடிச்சு. பின்பக்கம் ஓர் அளவு, முடிச்சு. இரண்டு முடிச்சுக்கும் நடுவே என் மூன்று விரல் இடைவெளி.

முன்னால் குறுகல், பின்னால் அகலம். இரண்டு சக்கரமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நடக்கின்றன. நேர் ரோட்டில் டயர் தேயும். கணவாயில்? சூடேறி வெடிக்கும். உள்ளே மடியில் கண்ணாடியோடு அந்த அம்மா.

சாயங்காலம் அத்தாவிடம் நாடாவை நீட்டினேன். சொல்ல வேண்டியதை முழுதாகச் சொன்னேன். வீட்டு ஆளிடம் எனக்குப் பேச வரும்.

"அச்சு இப்படித்தான் இருக்கோணும். நாடாவ வச்சுகிட்டு நீ எனக்கு அளவு சொல்றியா?"

"டயருக்கு வேறங்க அத்தா—"

"வஹிதா, அடுப்பப் பாரு போ" என்றார் அம்மா, அத்தா இன்னும் கோபப்படும் முன்.

அடுப்பைப் பார்த்தேன். சோறு குழைந்துவிட்டது. என் அளவு தப்பா? இல்லை. தப்பே இல்லை. நாளைக் காலை எட்டு மணிக்கு அவர்கள் கிளம்புகிறார்கள்.

3-3-1973, சனி

துருத்தி சுற்றிய கை, எழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை.

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. கிழிசலில் சூசையம்மாவின் கால் தெரிந்தது, படியேறி உள்ளே போனது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படுதாவைத் தூக்கி வெளியே போனேன். முட்டுக்கட்டை கிடந்தது, எடுத்து டயருக்கு முன்னால் போட்டேன். அங்கேயே நின்றேன். பேச்சு வரவில்லை. நான்கு பேர் என்னைப் பார்க்கிறார்கள், அத்தனை முகம்!

சவுரியப்பன் ஜீப்பிலிருந்து தலையை நீட்டினார். "பாய், யாருங்க இது? ஊமைப் பொண்ணா?"

"ஊமையெல்லாம் இல்லீங்க. பாய் பொண்ணு" என்றார் காளியப்பன் மாமா. "பாப்பா, என்னா?"

நான் அவர்களைப் பார்க்கவில்லை. வண்டியின் ஜன்னலைப் பார்த்தேன். "அக்கா, எறங்குங்க. இந்த அச்சோட கணவா எறங்காதீங்க."

சொல்லிவிட்டேன். அத்தாவின் முகம் கறுத்துப் போனது. வாடிக்கைக்காரர் முன்னால் அத்தாவை அப்படிச் செய்ய எனக்கு ஆசையா? நாடாவின் ஒரு முனையை அத்தாவிடம் நீட்டினேன். ரொம்ப நேரம் நீட்டிக்கொண்டே நின்ற மாதிரி இருந்தது. பிறகு வாங்கினார். குனிந்தார். முன்பக்கம் பிடித்தோம். பின்பக்கம் பிடித்தோம். பின்பக்கத்தை மறுபடியும் பிடிக்கச் சொன்னார். எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"இன்னிக்குப் போவ முடியாதுங்க. மாட்டு வண்டிக்கு அடிக்கிற மாதிரி அடிச்சுப்புட்டேன். தப்பு என்னுது."

"நல்லா இருக்குது பாய்! மேச்சேரில எடம் போயிருமே! ஒரு நாடாவ வச்சுகிட்டு ஒரு புள்ள சொல்லுது, நீங்களும்—"

"எடம் போனாப் போவுது" என்று கத்திக்கொண்டே சூசையம்மா இறங்கினார், பெட்டியோடு. "ஜீப்புல ஒக்காந்து ஓட்டறவரு நீரு. உள்ள ஒக்காரப் போறது நானு!"

காளியப்பன் மாமா சிரிப்பை அடக்கச் சம்மட்டியைத் தேடுவது போலத் திரும்பிக்கொண்டார்.

அச்சை மறுபடி கழற்றினார்கள். நான் படுதாவுக்குள் போய்த் துருத்தியில் உட்கார்ந்தேன். முனைகளை நேராக்கி, ஆறவைத்து, சக்கரம் மாட்டியதும் அத்தாவின் குரல் கேட்டது: "நாடாக்காரி எங்க? வரச் சொல்லு."

நான்கு தடவை அளந்தோம். மூன்றாவது தடவை அரை விரல் வித்தியாசம் வந்தது. போதும் என்று மாமா சொன்னார். போதாது என்றேன். சத்தமாகவே சொன்னேன். நான்காவது தடவை இரண்டு முடிச்சும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தது.

4-3-1973

போய்விட்டார்கள். எலுமிச்சம்பழம் இரண்டும் வட்டமாக, தரையோடு தரையாக நசுங்கியிருந்தன. கணவாய் முதல் வளைவு வரை அத்தா ஜீப்பில் கூடவே போய், நடந்து திரும்பினார். இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

9-3-1973

மேச்சேரியிலிருந்து வந்த லாரிக்காரர் சேதி சொன்னார். கோயிலுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லையாம், சந்துக்குள் போட்டிருக்கிறார்களாம். கண்ணாடி ஒன்றுகூட உடையவில்லையாம். "போட்டோக்காரரு அந்த ஊமைப் பொண்ணுகிட்டச் சொல்லச் சொன்னாரு" என்றார். இருக்கட்டும்.

13-3-1973

இரண்டு மாட்டு வண்டி அச்சு. ஒரு கலப்பைக் கொழு. வேறொன்றும் இல்லை.

20-3-1973, செவ்வாய்

காலையில் கிழிசலில் மாட்டின் கால்கள் தெரிந்தன. அவற்றின் பின்னால் சக்கரமே இல்லை. வண்டியைக் கட்டைமேல் ஏற்றி இழுத்து வந்திருந்தார்கள். பக்கத்தில் இரண்டு டயர், புதிது, மேலே சுற்றின காகிதம்கூடக் கிழிக்கவில்லை.

"பாய், கட்டச் சக்கரத்தத் தூக்கிப் போட்டுட்டேன். டயர் வண்டியா மாத்தோணும். அச்சு அடிச்சுக் குடுங்க" என்றது ஒரு குரல். மாது என்கிற விவசாயி, காளியப்பன் மாமாவுக்குத் தெரிந்தவர்.

"கொஞ்சம் இருங்க" என்றார் அத்தா.

சுத்தியல் சத்தம் நின்றது. உலை எரிந்துகொண்டிருந்தது, ஆனால் அத்தா "காத்து!" என்று கேட்கவில்லை. அத்தாவின் செருப்பு படுதாவின் பக்கம் திரும்பி அப்படியே நின்றது.

ஆணியிலிருந்து நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.