டீசல் மிச்சம்

அன்பு அனிட்டா,

அம்மா அன்று ஏன் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று குவைத்திலிருந்து மறுபடியும் கேட்டிருக்கிறாய்.

எங்கள் பஸ் கம்பெனியில் டீசல் மிச்சம் பிடிக்கும் டிரைவருக்கு வருஷா வருஷம் பரிசு. தொடர்ந்து மூன்று வருஷம் நான்தான் முதல். நிறுத்தி எடுத்தால் வண்டி டீசல் குடிக்கும். ஒற்றை ஆள் கை காட்டினால் முகம்கூடப் பார்க்காமல் போய்விடுவேன்.

அன்றும் மதகடி ஸ்டாப்பில் ஒரு கை தெரிந்தது.

"ஆட்டோ வேணாம், அவங்க வண்டி வருது, நிப்பாட்டிடுவாங்க" என்றாளாம் அம்மா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. டீக்கடை நாகம்மாள் அடக்கம் முடிந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

இந்த வருஷம் டீசல் மிச்சத்தில் நான்தான் கடைசி. மதகடியில் ஆளே இல்லாவிட்டாலும் நிறுத்துகிறேன்.

"யாருமில்லையேண்ணே, போலாமா?" என்கிறான் கண்டக்டர்.

"இருப்பா, ஏறட்டும்" என்கிறேன்.

அப்பா