அப்பாவும் நானும் செய்த வைத்தியக்காரி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா நலத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டார், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போன் இருக்க அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைக்காதே. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறார், அவரைப் பற்றிய சேதியை அவர் முன்னால் எப்படிச் சொல்வது.

மணிக்கட்டில் ஆபரேஷன் முடிந்து அப்பா வீட்டுக்கு வந்தது உனக்குத் தெரியும், அதற்குப் பிறகு இருந்த இருப்பை நான் உன்னிடம் சொல்லவில்லை. சலூனை இழுத்துப் பூட்டிவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். பயிற்சி சொல்லித்தர வந்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள், அவள் தலை மறைந்ததும் அது அலமாரிக்குள் போய்விட்டது. என்னிடம் நாலு வார்த்தை கத்தியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும், வாயே திறக்கவில்லை. ஒருநாள் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்டர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன், உள்ளே பக்கத்து ஆணிக்கடை மீசைக்காரரிடம் "சலூன் நாற்காலிய யாராவது எடுத்துக்குவாங்களான்னு பாருங்க"ன்னு மெதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த நாற்காலி போனால் மனிதர் எழுந்திருக்க மாட்டார் என்று தெரியும்.

அந்த நேரத்தில்தான் நீ போனில், "நான் விட்டுட்டு வந்த பழைய கேம் பெட்டிய எடுத்து டிவில மாட்டும்மா, அப்பா விரலுக்கு வேலை கிடைக்கும்" என்றாய். இதென்ன வேண்டாத வேலை என்று நினைத்துக்கொண்டேதான் வயரைச் செருகினேன். திரையில் மலையும் நெருப்புமாக வந்து, நீ யார் என்று கேட்டது. உன் அப்பா "அதுவே தெரியாமத்தான் உக்காந்திருக்கேன்"னார். பிறகு ஆள்களை வரிசையாக நிறுத்தியது, குள்ளர்கள், கூர்ங்காதுக்காரர்கள், பல் வெளியே நீட்டிய பச்சை ராட்சதர்கள். அவருக்கு ராட்சதன்மேல்தான் ஆசை, ஆனால் அவன் தலையில் ஒரு முடி கிடையாது, "இவன வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது"ன்னு தள்ளிவிட்டார். கடைசியில் மனுஷியாக ஒருத்தியை எடுத்தோம். முடிக்கு மட்டும் நாற்பது வகை காட்டியது, ஒவ்வொன்றாகப் பார்த்து "இத வெட்டினவன் கத்தரிக்கோல தலைகீழாப் பிடிச்சிருக்கான்"னு முணுமுணுத்தார். அவர் இவ்வளவு பேசி எத்தனை நாளாயிற்று என்று நான் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

மூக்கில்தான் வினை வந்தது. கையில் பிடிக்கிற கருவியில் கட்டைவிரலால் ஒரு சின்னக் குமிழை நகர்த்தினால் மூக்கு நீளும், குறுகும். அவர் விரல் நடுங்க நடுங்க மூக்கு ஒரு காதிலிருந்து மறு காதுவரை போய்விட்டது. கருவியை வீசிவிடுவார் என்று நினைத்தேன். எட்டிப் பிடிக்கக் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டு "எனக்கு இந்த மூக்குப் பிடிக்கலங்க, இன்னும் கொஞ்சம் சின்னதா வைங்க"ன்னேன். மறுநாள் மத்தியானம் வந்து பார்த்தால் மூக்கு முடிந்து தாடையில் இருக்கிறார். ஒரு முகத்துக்கு ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் நான் கற்றது, அந்தக் குமிழைக்கூட மெல்லத்தான் நகர்த்த வேண்டும், புருஷனை அதைவிட மெல்ல.

பிறகு பலம், வேகம், புத்தி, பேச்சு என்று புள்ளிகளைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னது. அந்தப் பொறுப்பு என்னுடையது, உனக்கும் உன் அண்ணனுக்கும் பண்டம் பிரித்த கை, எல்லாவற்றுக்கும் சமமாக வைத்தேன். ஊர் வாசலைத் தாண்டினாள், ஒரு ஓநாய் வந்தது, கதை முடிந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த மீசைக்காரர் "எல்லாத்துலயும் பாஸு, எதுலயும் மொத மார்க் இல்ல"ன்னார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. அன்றைக்கு நான் உனக்குப் போன் செய்து ஓநாயைப் பற்றிக் கேட்டதும், நீ என்னைக் கேலி செய்ததும் அதனால்தான்.

இரண்டாவது தடவை என்ன தொழில் கொடுப்பது என்று எங்களுக்குள் சண்டை. திருட்டுத் தொழில் ஒன்று இருந்தது, என் வீட்டில் அது கிடையாது என்று சொல்லிவிட்டேன். அவர் வாள் வேண்டும் என்றார், நான் காயம் ஆற்றுகிறவளாக இருக்கட்டும் என்றேன். தன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு "கத்தி பிடிச்ச கை, அதான் கத்தி கேக்குது. நீ சொல்றதே இருக்கட்டும், நமக்கு இப்ப அவதான் வேணும்"னார். இந்தத் தடவை புள்ளிகளை அள்ளி வைத்தியத்துக்கே போட்டேன். முகத்தை அவர் முதலிலிருந்து செய்தார், மூக்கு, தாடை, புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு உட்பட. முன்பு ஒரு வாரம் பிடித்த முகம் ஒரே மத்தியானத்தில் முடிந்தது. அதை அவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன், வாயை மூடிக்கொண்டு போய்ப் பாத்திரம் கழுவினேன்.

போன வாரம் மீசைக்காரர் வந்தார். வேறு ஆளிடம் தலையைக் கொடுக்க மாட்டேன் என்ற வீம்பில் மீசை உதட்டை மூடிக் காபிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார், எழுந்தார், கத்தரிக்கோலை எடுத்தார். "வாய அசைக்காதீங்க"ன்னு ஒரு சொல்தான். எனக்கு அங்கே நிற்கத் தைரியமில்லை, சமையலறைக்குள் போய்க் காதை மட்டும் வைத்திருந்தேன். முடிந்ததும் மீசைக்காரர் கண்ணாடியில் பார்த்து, இடது பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே என்றார், உன் அப்பா "இருக்கட்டும், அடுத்த வாரம் வாங்க, எறக்கிடலாம்"னு சொன்னார். அடுத்த வாரம் என்று அவர் வாயால் கேட்டேன், எனக்கு அது போதும். இப்போது காலையில் மட்டும் சலூனைத் திறக்கிறார், சவரம் இன்னும் கிடையாது, முடி மட்டும். நாற்காலிப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

உன் புது ஆபீசில் கேட்டவர்களுக்கெல்லாம் ஓடி ஓடிச் செய்கிறாய் என்று உன் அண்ணன் சொன்னான். அம்மா வளர்ப்பு, என்ன செய்வது. ஓநாய் வருவதற்குள் கொஞ்சம் நிறுத்திக்கொள். அந்தக் குளிரில் கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே, நின்றபடி பாத்திரத்திலிருந்தே எடுத்துச் சாப்பிடாதே.

இப்போது எங்கள் வைத்தியக்காரி ஒரு பாலம் தாண்டி, பெரிய இரும்புக் கதவு முன்னால் நிற்கிறாள். இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால்தான் திறக்குமாம். நான் ஒருத்தி இருக்கிறேனே என்றேன், இங்கே ஒரு கருவிதான் இருக்கிறது என்று அப்பா சொல்லிவிட்டார், உண்மையில் அவருக்கு யார் வேண்டும் என்று எனக்குத் தெரியாதா. ஞாயிற்றுக்கிழமை காலையில் மறக்காமல் அங்கே நீ வாங்கிய புதுப் பெட்டியைப் போட்டு எங்கள் ஆட்டத்துக்குள் வா. பச்சை உடுப்பு, ஒற்றைப் பின்னல், நல்ல மூக்கு, பார்த்ததும் தெரிந்துகொள்வாய். நீ எடுத்த காரியமெல்லாம் கைகூட வேண்டும், உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு, அந்தக் கதவுப் பக்கம் நின்றுகொண்டிருக்கும்,

உன் அம்மா, அப்பா