அம்மாவின் கண்ணோர வெள்ளைப் பொரிகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருந்தால் அதுவே போதும். போனில் சொல்லலாம்தான், ஆனால் அம்மா பக்கத்தை விட்டு நகரமாட்டாள், அதனால் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு மாதமாக அவள் வீடியோவில் முகம் காட்டாமல் ஃபேனையே காட்டுகிறாள் என்று, “அம்மாவுக்கு என் மேல என்னப்பா கோபம்” என்று போன வாரம் அழுதாயே, அதிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. கோபமெல்லாம் இல்லை கண்ணு.

நீ அனுப்பிய கெட்டிக் கிரீமைக் காலையும் மாலையும் அப்பிக்கொண்டாள், மகள் அனுப்பியது வீணாகக் கூடாதாம். மூன்றாம் மாதம் கண்ணுக்குக் கீழே கடுகில் பாதி அளவில் வெள்ளை வெள்ளையாய்ப் பொரிகள். வலியில்லை, அரிப்பில்லை, ஆனால் கண்ணாடியை விட்டு நகரவில்லை. துணியால் அழுத்தித் தேய்த்தாள், கிரீமை இன்னும் கொஞ்சம் கூட்டித் தடவினாள். கடைசியில் கடைக்கே வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு, “ஊர்ல இருக்குற போனையெல்லாம் பிரிச்சு மேயுறீங்க, இதை எடுக்க மாட்டீங்களா” என்று பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் முகத்தை நீட்டினாள். என் புத்தி எங்கே போயிற்றோ, ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முதல் இரண்டும் மணி மணியாக வந்துவிட்டன. மூன்றாவதில் கை நடுங்கிவிட்டது. ஊசி இமையோரம் கீறி, சீழ் பிடித்து, பாதி முகம் வீங்கிவிட்டது.

தோல் டாக்டரம்மா யார் குத்தியது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், “நானேதான் கிள்ளிட்டேன்” என்று அம்மா முந்திக்கொண்டாள், டாக்டரிடம் நன்றாகத் திட்டும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். இது பருவே இல்லையாம், செத்த தோல் உள்ளே தேங்கி உருண்டு நிற்பதாம், சும்மா விட்டால் பெரும்பாலும் தானே போய்விடுமாம். கெட்டிக் கிரீமை நிறுத்தி, மென்மையான சோப்பில் முகம் கழுவி, வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும், எடுத்தே ஆகவேண்டுமென்றால் தன்னிடம்தான் வரவேண்டும் என்றார். இப்போது கண்ணுக்கு ஒன்றுமில்லை, ஒரு தழும்பு மட்டும் நின்றுவிட்டது. கிரீமை இன்னும் ஒளித்து வைத்துத் தடவுகிறாள், நீ சொன்னால்தான் விடுவாள். நீயும் மேக்கப்பைக் கழுவாமல் தூங்காதே.

என் கை விஷயத்தை உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். தெரிந்தால் நீ கடையை மூடச் சொல்வாயாம், கடை இல்லாவிட்டால் நான் சுருண்டுவிடுவேனாம். ஒரு வருஷமாகவே நடுங்குகிறது கண்ணு, சின்னத் திருகாணி விரலில் நிற்பதில்லை. வேலைகூட இவ்வளவு அலுக்கவில்லை, இதை மறைத்து மறைத்துத்தான் அலுத்துப்போய்விட்டேன். தழும்பைப் பார்த்தால் நீ கேட்பாய், உன்னிடம் பொய் சொல்ல அவளுக்கு வராது, அதனால்தான் முகத்தையே மறைக்கிறாள்.

இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். கிரீம் இனி அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டவுடன், அப்பா எல்லாவற்றையும் எழுதிவிட்டார் என்று முதலில் சொல்லிவிடு. பிறகு அம்மா உன்னைப் பார்ப்பாள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா