ஒத்தது ஒத்ததில் கரையும், சரி, ஏன்?

அன்புள்ள சோரன்,

இங்கே நானும் அப்பாவும் பிரிட்டாவும் சுகம். அந்த அலாஸ்கா மழையில் மீன்பிடிக்கப் படகு படகாக ஏறி இறங்கியும் நீ இருமாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். சேதியை அடக்கி வைக்க முடியவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் தங்கை ஏ.பி. வேதியியல் தேர்வில், பள்ளியில் இருக்கும்போதே எழுதும் அந்தக் கல்லூரி அளவுப் பரீட்சையில், அஞ்சுக்கு அஞ்சு.

நம்ம ஊர்ப் பள்ளியில் அந்த வகுப்பே கிடையாது, அதனால் அவள் கல்லூரியில் மாலை வகுப்புக்குப் போனாள், பனியில் தனியாக ஓட்ட வேண்டாம் என்று அப்பா சொன்னதால் நானும் கூடப் போனேன், காரில் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று நானும் அதே வகுப்பில் சேர்ந்தேன், இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். அவள் சேரப்போகும் பல்கலைக்கழகமோ இந்தக் கல்லூரி மார்க்கை ஏற்காதாம், ஏ.பி.யில் அஞ்சு வாங்கினால்தான் முதல் வருட வேதியியலைத் தாண்டவிடுமாம். பள்ளி ஆலோசகர் மிஸஸ் ஹாஃப்லண்ட், கல்லூரிப் பாடம் வேற, அந்தப் பரீட்சை வேற, நம்பி ஏமாந்துடாதீங்க என்று முகத்துக்கு நேரே சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மார்ச்சில் பழைய ஏ.பி. வினாத்தாளைப் போட்டுப் பார்த்தபோது அவள் சொன்னதுதான் சரி என்றாகிவிட்டது. எண்ணெய் ஏன் தண்ணீரில் கரையாது என்ற கேள்விக்குப் பிரிட்டா, ஒத்தது ஒத்ததில்தான் கரையும் என்று எழுதியிருந்தாள். கல்லூரியில் அதற்கு முழு மார்க். இங்கே விடைக்குறிப்பில், அந்த வாக்கியம் மட்டும் இருந்தால் ஒன்றும் கிடையாது, காரணம் சொல்ல வேண்டும் என்று போட்டிருந்தது. பிள்ளை அழுதுவிட்டாள்.

எனக்கோ அந்தப் பாடம் முதல் நாளிலிருந்தே மண்டையில் ஏறவில்லை. போகவர வழியெல்லாம் ஏன்டி, எதனாலடி என்று அவளைப் பிடுங்குவேன். அவளும், அம்மா உனக்கு இது ஜென்மத்துக்கும் புரியாது என்று திட்டிக்கொண்டே, தண்ணி மூலக்கூறெல்லாம் ஒண்ணையொண்ணு இறுக்கிப் பிடிச்சிருக்கும்மா, எண்ணெய்க்கு இடம் விட்டா அந்தப் பிடி விட்டுப்போகும், எண்ணெய் பதிலுக்குத் தர்ற பிடி பத்தாது என்று சொல்வாள். எனக்கே புரிந்துவிட்டது. இதையே எழுதித் தொலையேன்டி என்றேன். மே மாதப் பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் அப்படிக் காரணத்தோடுதான் எழுதிவிட்டு வந்தாள்.

நேற்று மளிகைக் கடையில் மிஸஸ் ஹாஃப்லண்ட் என் தள்ளுவண்டியை மறித்து, அப்ப கல்லூரிப் பாடமே போதும்னு மத்த பெத்தவங்ககிட்ட சொல்லலாமா என்று கேட்டாள். பாதிக்குப் போதும், மீதிக்கு வீட்ல ஒரு மக்கு வேணும் என்றேன். கடையே திரும்பிப் பார்க்கச் சிரித்தேன், எனக்கு வெட்கமே இல்லை.

தங்கச்சிக்குப் போன் பண்ணி வாழ்த்துச் சொல், மறக்காதே. கையுறை போடாமல் வலையைத் தொடாதே. ஆண்டவர் உன்னைக் கரைசேர்த்துக்கொண்டே இருக்கட்டும்.

இப்படிக்கு,
அதே வகுப்பில் ‘சி’ வாங்கித் தேறிய உன் அம்மா,
ஜெனெல்