இரண்டு சீட் கார்

1961 ஜூலை, செவ்வாய் இரவு

நாளைக் காலை எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னதுரைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சீமைக்குக் கப்பலேறப் போகிறவர், தன் இரண்டு சீட் காரை எனக்கே விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். அது வேண்டாமென்றால் நோர்வூட் கடை முதலாளியின் பழைய கார் இருக்கிறது. நாலு பேர் தாராளமாகப் போகலாம், ஆனால் மேடு கண்டால் ரேடியேட்டர் கொதிக்கும். மனைவி கமலத்துக்கு இது எட்டாம் மாதம்; வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வேண்டும்.

சின்னதுரையின் காரை இன்று ஓட்டிப் பார்த்தேன். ஹட்டன் ரோட்டு ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் ஏறியது. என்னையறியாமல் சிரித்துவிட்டேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது. கூரைத்துணி ஒழுகி மடியெல்லாம் ஈரம். வலியில் துடிப்பவளை இதில் எப்படி உட்கார வைப்பது? மருத்துவச்சி எங்கே ஏறுவாள்?

வீட்டுக்கு வந்ததும், முதலாளி காரையே வாங்கிவிடுவோம், பின் சீட்டில் நீ படுத்துக்கொண்டு வரலாம் என்றேன். கமலம் அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை.

"போன வருசமும் வாடகைக் காருல நல்லா படுத்துக்கிட்டுத்தாங்க போனேன். மருத்துவச்சியும் கூட இருந்தா. பாதி மேட்டுல வண்டி கொதிச்சு நின்னுருச்சு. வயித்துப் புள்ளையோட போனவ வெறுங்கையோட வந்தேன்."

இப்போது தூங்குகிறாள், அல்லது தூங்குவதுபோல் கிடக்கிறாள். மழை விடவில்லை.

இரண்டு சீட் காரில் பாதி வழியில் பிள்ளை பிறந்துவிட்டால், ஏந்துவதற்கு ஸ்டியரிங் பிடித்திருக்கும் என் கைகளைத் தவிர வேறு கை இருக்காது.