கிராப்புக் கோழியைக் கொண்டுபோய் விட்டுவிட்டேன்

கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் என் அண்ணனுக்கு,

கழுத்தில் இறகில்லாத அந்தக் கிராப்புக் கோழி இப்போது நம் வீட்டில் இல்லை. இரண்டு மாதம் ஆகிறது. வேதாரண்யத்தில் உப்பளத்தில் வேலை செய்யும் சின்னம்மாவிடம் கொண்டுபோய் விட்டுவிட்டேன்.

"அத ஒன்னும் செஞ்சிடாத தங்கச்சி, கோழிக்கு என்னா தெரியும்" என்று நீ சொன்னதை மீறவில்லை. கழுத்தைத் திருகச் சொன்னது அம்மா. நான்தான் மாட்டேன் என்றேன். ஆனால் தினமும் உச்சிப்பொழுதில் அது முட்டையிட்டுவிட்டுத் தெருவுக்கே கேட்கக் கத்தும்போது, அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டிக்கொள்வாள். எத்தனை நாளைக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன், சொல்லு?

அன்றைக்கும் உச்சிப்பொழுதுதான். கூலியை உயர்த்தச் சொல்லிச் சங்கம் அறுப்பை நிறுத்தியிருந்தது. மிராசுதார் வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார். அங்கே நடந்த தள்ளுமுள்ளுக்கு உன் பெயரைத்தான் முதலில் எழுதிக் கொடுத்தார்கள். கூரை வேய்வதற்கென்று கொல்லையில் வைத்திருந்த வைக்கோல் போருக்குள் மூன்று நாள் ஒளிந்திருந்தாய்.

இரண்டு போலீஸ்காரர்களும் மிராசுதாரின் காரியக்காரரும் வந்து வீட்டைக் கலைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்காமல் படல் வரைக்கும் திரும்பிப் போய்விட்டார்கள். அப்போதுதான் அந்தக் கோழி முட்டையிடப் போருக்குள் நுழைந்தது. அதற்கு அந்தக் குழியைப் பறித்துக் கொடுத்தவளே நான்தான். அதில் நீ படுத்திருந்தாய்.

அது பறந்தடித்துக்கொண்டு கத்தியதும் காரியக்காரர் நின்றார். "கோழி சும்மா கத்தாது. குத்திப் பாருங்க" என்றார்.

அவர்கள் குத்துவதற்குள் நீயே வெளியே வந்தாய். தலையெல்லாம் வைக்கோல். என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாய்.

பத்து நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து விட்டபோது உன்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. கஞ்சி குடித்தால் ரத்தமாக வந்தது. நடவு தொடங்குவதற்குள் போய்விட்டாய்.

பஸ்ஸில் கூடைக்குள் மூச்சுக் காட்டாமல் வந்த கோழி, சின்னம்மா வாசலில் இறக்கியதும் ஆரம்பித்தது. "ரொம்பக் கத்துது சின்னம்மா, அதான்" என்றேன். அவளுக்கு எல்லாம் தெரியும். "கத்தட்டும்டி. இந்தக் கடக்காத்துல யாரு காதுல விழப்போவுது" என்றாள். நான் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று, இன்னும் முட்டைக்கு வராத ஐந்து இளங்கோழிகளைப் பிடித்துக் கொடுத்தாள்.

ஐந்தும் மிரண்டவை. ஆளைக் கண்டால் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும். ஒரு வாரம் பஞ்சாரத்தில் போட்டுக் கவிழ்த்து வைத்தேன். திறந்துவிட்ட பிறகு, தினமும் உள்ளங்கையில் நொய்யை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தேன். கை கடுத்துப் போகும், ஒன்றும் வராது. ஒருநாள் ஒன்று வந்து கொத்தியது. இப்போது அம்மாவும் மடியில் நொய்யைப் போட்டுக்கொண்டு உட்காருகிறாள். நீ போன பிறகு அவள் தானாகச் செய்கிற ஒரே காரியம் அது.

முந்தாநாள் காரியக்காரர் படலைத் தள்ளிக்கொண்டு வந்தார். கோழிகள் ஐந்தும் ஓடிப்போய் அவர் காலைச் சுற்றி நின்றன.

"நல்லாத்தான் பழக்கியிருக்க" என்றார். பிறகு அம்மாவிடம், "சங்கத்துக்காரங்க மனு போட்டு மறுபடியும் விசாரணைக்கு ஏற்பாடு பண்ணிட்டாங்க. போன தடவ சொன்னதையே சொல்லிடு. வம்பு வேணாம்" என்றார்.

போன தடவை நாங்கள் என்ன சொன்னோம் என்று உனக்குத் தெரியாது, அண்ணே. உன்னைப் புதைத்த மறுநாள் தாசில்தார் வந்து, நீ எப்படிச் செத்தாய் என்று கேட்டார். இந்தக் காரியக்காரர் பக்கத்திலேயே நின்றார். "எங்க வூட்டு மாடு முட்டிடுச்சுங்க" என்றாள் அம்மா. "ஆமாங்க" என்றேன் நான். அம்மா கைநாட்டு வைத்தாள். நீ எட்டாவது வரைக்கும் படிக்க வைத்த நான், அதே எழுத்தில் கையெழுத்துப் போட்டேன்.

நம் குடிசை இருந்தது மிராசுதார் மனையில். மாற்றிச் சொன்னால் அன்றைக்கே சட்டி பானையைத் தெருவில் எறிவார்கள் என்று பயந்தோம். கத்தினதற்காகக் கோழியை அனுப்பிவிட்டேன். நான் வாய் திறக்காமல் இருந்ததற்கு என்ன செய்வது?

இப்போது மனை அம்மா பெயரில் இருக்கிறது. புது ஆட்சி போட்ட சட்டத்தில் பட்டா வந்துவிட்டது. நீ ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டது. வாங்கும்போது நீ இல்லை.

காரியக்காரர் போனதும் அம்மா மடியை உதறிவிட்டு எழுந்தாள். கொல்லையைப் பார்த்தாள். "ஏண்டி, நம்மகிட்ட மாடு எப்ப இருந்துச்சு?" என்று கேட்டாள்.

வரும் திங்கட்கிழமை விசாரணை. இருவரும் போகிறோம். உன் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்தது நான். எந்த இடத்தில் என்ன தடம் இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். அவர்கள் எழுதிக்கொள்ளாவிட்டால் நானே எழுதிக் கொடுப்பேன். பிறகு எங்களுக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்வேன், அண்ணே. சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
அஞ்சம்மா